சந்தூன் உட்கார்ந்த இடம்

விடியுமுன்பே புனோம்பென் சந்தையில் நான் ஐஸ் கட்டி அறுத்துக்கொண்டிருப்பேன். ரம்பம் இழுக்க இழுக்க விரல்கள் மரத்துப்போகும், முதுகில் மட்டும் வியர்வை ஓடும். அந்த நேரம் பார்த்து கார்மெண்ட்ஸ் லாரி வரும். நெருக்கியடித்து நிற்கும் பெண்களுக்கு நடுவிலிருந்து சந்தூன் எனக்குக் கையசைப்பாள். பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

இருவரும் ஒரே அறைக்காரிகள். தையல் கூடத்துப் புழுக்கத்தில் மயங்கி விழுந்தபோதும் சேர்ந்துதான் விழுந்தோம். தொழிற்சாலைக் காவல்தெய்வத்துக்கு ஆகாதவர்கள் என்று சொல்லி முதலாளி எங்களை வேலையைவிட்டு நிறுத்தினார். போன வாரம் அவளை மட்டும் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். அவள் பாடிக்கொண்டே தலைவாரினால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

"உனக்கும் கேட்டுப் பாக்குறேன் மாலிஸ்."

"உன் பிச்சை எனக்கு வேணாம்டி, தாயே!"

மறுபடி விழட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பலித்தது. இன்று மதியம் தொழிற்சாலையிலிருந்து ஆள் வந்து கூப்பிட, ஐஸை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

சந்தூன் சுவரோரம் அட்டைமேல் கிடந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"இனி அவ மெஷின் உனக்கு. உக்காரு," என்றார் முதலாளி.

அப்பாடா என்றிருந்தது. உட்கார்ந்தேன். பெஞ்சில் அவள் வியர்வை இன்னும் காயவில்லை. தலைக்கு மேலே அதே தகரம், அதே அனல். அடுத்து விழப்போவது நான்தானே? அப்போது என் இடத்துக்கு ஒருத்தி ஓடி வருவாள், என்னைப் போலவே பல்லைக் காட்டிக்கொண்டு. எழுந்துவிட்டேன்.

"என்னடி?"

"மின்விசிறி மாட்டுங்க. சந்தூனையும் வேலைக்கு வைங்க. அப்புறம் உக்காருறேன்."

"வெளிய எத்தன பேரு காத்துக் கெடக்கிறாங்க தெரியுமா?"

"தெரியாம என்ன? நானும் அங்கேருந்துதான வந்தேன்!"

பக்கத்து மெஷின் நின்றது. அடுத்ததும் நின்றது. வரிசையே ஓய்ந்துபோனது.

முதலாளியின் குரல் இறங்கியது. "தெய்வத்துக்குக் கோபம், அவ்வளவுதான். நாளைக்கே வறுத்த கோழி படைச்சிடுறேன். வேலையப் பாருங்கம்மா."

"கோழி வேணாமாம், முதலாளி," என்றாள் சந்தூன், கண்ணைத் திறக்காமலே. "காத்து வேணுமாம்."

கூடமே சிரித்தது. பாவி, எனக்கு அது தோன்றவில்லையே! அப்போதும் வயிறு எரிந்தது. எரிச்சலோடேயே போய் அவள் தலையை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். ஒவ்வொருத்தியாக எழுந்து வந்து எங்களைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.