ஆயிரத்து எண்ணூற்றுப் பதின்மூன்று உருட்டல்கள்

எனக்குக் கோபம் வந்தால் வாய் முதலில் புறப்பட்டுவிடும், புத்தி அடுத்த பஸ்ஸில்தான் வரும். தொண்ணூற்று நாலாம் வருஷம் ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மயிலாப்பூரில் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், நாலு பேர் பார்க்க நூர் முஹம்மதுவைத் திருடன் என்று சொன்னேன். அவன் எனக்கு முப்பது வருஷ சிநேகிதன். பி.யு.சி.யில் பக்கத்து பெஞ்சு. இப்போது தி.நகரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். நான் ஒரு கல்லூரியில் கெமிஸ்ட்ரி வாத்தியார், பெயர் வேம்பு.

விஷயம் ஒரு விளையாட்டு. புள்ளியியல் துறையில் வேலை பார்க்கும் சுப்பராமனுக்கு அமெரிக்காவிலிருந்து மச்சினன் கொண்டுவந்து கொடுத்த போர் விளையாட்டு. மேஜை அகலத்துக்கு ஒரு வரைபடம், அதில் ஆறு, பாலம், மலை, எல்லாம் அறுகோணக் கட்டங்களாக. சின்னச் சின்ன அட்டைச் சதுரங்கள்தான் படைகள். ஒவ்வொன்றின் மேலும் அதன் பலம் எண்ணாகப் போட்டிருக்கும். அடிக்கும்போது இரண்டு பக்கத்துப் பலத்தையும் ஒப்பிட்டு, பகடை உருட்டி, அட்டவணையைப் பார்க்க வேண்டும். எதிரியைப் போல மூன்று மடங்கு பலம் இருந்தால் ஒன்று விழுந்தாலும் பெரிய சேதமில்லை. சமபலத்தில் மோதினால் ஐந்தோ ஆறோ விழ வேண்டும்.

நாலு வருஷமாக ஞாயிறு தவறாமல் ஆடினோம். அட்டைகள் பறந்துவிடும் என்று ஃபேன் போடமாட்டோம். வேர்வை சொட்டச் சொட்ட நானும் நூரும் சண்டை போடுவோம், சுப்பராமன் நடுவர், அக்கம்பக்கத்துக்காரர்கள் இரண்டு மூன்று பேர் வேடிக்கை பார்ப்பார்கள். ஒவ்வொரு அடிக்கும் இரண்டு பக்கத்துப் பலத்தையும் விழுந்த எண்ணையும் சுப்பராமன் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வான். ஆபீஸ் புத்தி வீட்டிலும் விடாது அவனுக்கு.

நாலு வருஷத்தில் நான் ஜெயித்தது ஐந்து ஆட்டம். நூர் ஜெயித்தது முப்பத்தெட்டு. திறமையில் நான்தான் மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. பாய்ந்து அடிப்பது நான், பாலத்தைத் தாண்டுவது நான். அவன் பெட்டிக்கடைக்காரன் மாதிரி இருந்த இடத்தில் உட்கார்ந்து அட்டைகளைச் சேர்த்துக்கொண்டிருப்பான். பகடைதான் எனக்குத் துரோகம் செய்தது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

அன்றைக்கு என் மொத்தப் படையும் பாலத்தில் நின்றது. ஆறு விழுந்தால் அவன் தலைநகரம் என்னுடையது. இரண்டு விழுந்தது. அடுத்து நூர் உருட்டினான், ஐந்து. என் படை ஆற்றோடு போயிற்று. நான் எழுந்து நின்று, "திருடன்டா நீ, உன்னுது திருட்டுக் கை, உருட்டுறதுலயே ஏதோ வித்தை பண்றே" என்றேன். அதோடு நிறுத்தினேனா? சுப்பராமன் நோட்டை வைத்துக் கணக்குப் போடட்டும், நான் சொன்னது தப்பென்றால் உன் வீட்டுக்கு வந்து உன் மனைவி எதிரில் மன்னிப்புக் கேட்கிறேன் என்று சவாலும் விட்டேன். நூர் எழுந்தான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. "நூர் ஏன் வரலை, நீங்க என்ன சொல்லித் தொலைச்சேள்?" என்று ஹம்சினி கேட்டாள். என் மனைவிக்கு என்னைத் தெரியும். எனக்கோ ஒரே பதைப்பு. கணக்கு என் பக்கம் வந்தால் சிநேகிதன் திருடன், வராவிட்டால் நான் அயோக்கியன். இரண்டில் எது வேண்டும் என்று மனசைக் கேட்டால், வெட்கமில்லாமல் முதலாவதைத்தான் கேட்டது.

மூன்றாவது ஞாயிறு சுப்பராமன் நோட்டோடு வந்தான். காபியைத் தொடவில்லை. மொத்தம் ஆயிரத்து எண்ணூற்றுப் பதின்மூன்று உருட்டல் என்றான். நூரின் சராசரி மூன்று புள்ளி நாலு ஒன்று. என்னுடையது மூன்று புள்ளி ஆறு இரண்டு.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. திருப்பிப் படிக்கச் சொன்னேன். படித்தான். ஆறு விழுந்தது அவனுக்கு நூற்று நாற்பத்தெட்டு தடவை, எனக்கு நூற்று எழுபத்தொன்று.

"வேம்பு, நாலு வருஷமா உனக்குத்தான் நல்லா விழுந்திருக்கு," என்றான் சுப்பராமன். "அவன் ரெண்டு மடங்கு பலம் இல்லாம அடிச்சது மொத்தமே நாலு தடவை. நீ பாதிக்கு மேல சமபலத்துல போய் முட்டியிருக்கே. இவ்ளோ நல்லா விழுந்தும் தோத்திருக்கே பாரு, அதான் ஆச்சரியம்."

தூக்கிவாரிப் போட்டது. யாராவது கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் தேவலை. நோட்டைப் பிடுங்கி நானே கூட்டிப் பார்த்தேன், இரண்டு தடவை. கல்லூரியில் பதவி உயர்வு தள்ளிப் போனதும், பாலவாக்கத்து மனை கைநழுவியதும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. எல்லாவற்றுக்கும் கிரகத்தைத்தான் திட்டியிருக்கிறேன். அவற்றுக்கெல்லாம் யாரும் நோட்டுப் போடவில்லை, நல்லவேளை.

அன்று சாயங்காலமே லஸ் முனையில் பஸ் ஏறினேன். நூரின் வீடு கடைக்கு மேலே, மாடியில். கதவைத் திறந்தது அவன் மனைவி அஃப்சருன்னிசா. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னை அண்ணன் என்று கூப்பிடுகிறவள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"வாங்கண்ணா. உடம்பு இப்ப எப்படி இருக்கு? உங்களுக்கு மஞ்சக்காமாலை, அதான் ஆட்டம் இல்லைன்னு இவர் சொன்னாரு. பார்க்க வர்றேன்னு சொன்னேன், இவர்தான் வேணாம்னாரு. ரெண்டு வெள்ளிக்கிழமையும் உங்களுக்காக துஆ செஞ்சேன்."

அவளுக்குப் பின்னால் நூர் நின்றுகொண்டிருந்தான். லேசாகத் தலையசைத்தான். வேண்டாம் என்று அர்த்தம், குழந்தைக்குக்கூடப் புரியும். அவள் டீ கொண்டுவந்தாள், பிஸ்கட் வைத்தாள், எதிரில் உட்கார்ந்து என் கண் மஞ்சளாக இருக்கிறதா என்று பார்த்தாள். நூர் இன்னொரு தடவை தலையசைத்தான்.

ஆனால் நான் வாக்குக் கொடுத்தவன். நாலு பேர் எதிரில் சொன்ன சொல். பஸ்ஸில் வரும்போதே வசனத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். என் நேர்மை எனக்குப் பெரிதாக இருந்தது.

"எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா," என்றேன். "உன் வீட்டுக்காரனை என் வீட்டுல வெச்சு, எல்லார் எதிர்லயும் திருடன்னு சொன்னேன். அது பொய்னு இன்னிக்குத் தெரிஞ்சுபோச்சு. மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன்."

அவள் என்னையும் நூரையும் மாறி மாறிப் பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"திருடன்னா சொன்னீங்க?" என்று கேட்டாள். "இவரையா?"

ஆமாம் என்றேன். எழுந்தாள். அண்ணா என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகைச் சத்தம் கூடக் கேட்கவில்லை.

நூர் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டான். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கணக்குல உனக்குத்தான் அதிகம் விழுந்திருக்கும், இல்ல?" என்றான்.

"உனக்குத் தெரியுமா?"

"ரெண்டு வருஷமா தெரியும். நீ ஆசையா ஆடறே, அதைச் சொல்லிக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

உள்ளே எதுவோ பாத்திரம் நகர்ந்தது. நூர் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை உன் வீட்டுக்கு வர்றதாத்தான் இருந்தேன்டா. உனக்கு உடம்பு சரியாயிடுச்சுன்னு இவகிட்ட சொல்லிட்டுக் கிளம்பியிருப்பேன். தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன், வேணாம்னு. நீ எதிர்ல யார் உட்கார்ந்திருக்காங்கன்னுகூடப் பார்க்கலியே. இவளுக்குத் தெரிஞ்சுபோச்சு, இனிமே நான் எப்படிடா அங்க வருவேன்?"

உள்ளேயிருந்து அவள் அவனைக் கூப்பிட்டாள். அவன் எழுந்து போனான்.