தையல் மெஷின் ஓடிய ஓட்டம்

பள்ளி விட்டு மகள் வீட்டுக்குள் நுழைந்ததும் தையல்காரி செய்யும் முதல் வேலை, அவள் கையிலிருக்கும், காலடி எண்ணும் நீலப் பட்டையைக் கழற்றித் தன் வலது கணுக்காலில் கட்டிக்கொள்வது. பிறகு மெஷினை மிதிக்கத் தொடங்குவாள். ஒரு பாவாடை தைத்து முடிப்பதற்குள் இரண்டாயிரம் அடி நடந்ததாகப் பட்டை கணக்குக் காட்டும்.

பட்டை பள்ளிக்கூடம் கொடுத்தது. பிள்ளைகளின் இதயம் நன்றாக இருக்க வேண்டுமென்று, மாலையில் ஒரு மணி நேரம் அங்கே விளையாட்டு வைத்திருந்தார்கள். வர முடியாதவர்கள் வீட்டில் ஓடியாடிப் பட்டையில் கணக்குக் காட்ட வேண்டும். தையல்காரிக்கு அது சுத்த வெட்டிவேலையாகப் பட்டது. அந்த நேரத்தில் பதினோரு வயது மகளை டியூஷனுக்கு அனுப்பினாள். நாளெல்லாம் மெஷின் மிதிக்கிற பிழைப்பு அவளுக்கும் வந்துவிடக் கூடாதே என்ற கவலை. அந்தக் கவலையை யார் குறை சொல்ல முடியும்?

"அம்மா, ஒரே ஒரு நாள் நானும் விளையாடப் போறேனே?"

"ஓடி என்னத்தக் கிழிக்கப் போற? உனக்கும் சேத்து நான் மிதிச்சுக்கறேன். நீ டியூஷனுக்குக் கெளம்பு."

மூன்றே மாதத்தில், பட்டைக் கணக்கு எழுதும் வகுப்புப் பலகையில் மகள் பெயர் முதலிடத்துக்கு வந்தது. தையல்காரிக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வாரம்தான் பள்ளிக்கு டாக்டரம்மா வந்தார். மகளின் ரத்த அழுத்தத்தை மூன்று முறை பார்த்துவிட்டு, தாயை அழைத்துவரச் சொன்னார்.

"பிரஷர் அதிகமா இருக்கும்மா. மாடி ஏறினா மூச்சு வாங்குதுங்கறா. உக்காந்தே இருக்கற பிள்ளைன்னா, ஓடியாடட்டும்னு சொல்லிருப்பேன். பட்டைக் கணக்குப்படி தெனமும் இவ்வளவு நடக்கற பிள்ளைக்கே இப்படின்னா, இதயத்துலயே கோளாறோன்னு பயமா இருக்கு. இனிமே ஓடவே விடாதீங்க."

உண்மை தையல்காரிக்குத்தான் தெரியும். வாயைத் திறந்தால் மானம் போகும். விளையாட்டு டீச்சர் பக்கத்திலேயே நிற்கிறாள். திறக்காவிட்டால் மகள் காலமெல்லாம் உட்கார்ந்தே கிடப்பாள். மகளோ அம்மாவைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்ற வயிறு அதைத் தாங்கவில்லை.

"அவ நடக்கல டாக்டர். அது என் காலு. மெஷின் மிதிச்ச காலு" என்று உடைந்து அழுதாள்.

டாக்டரம்மா திட்டியிருந்தால்கூடத் தேவலை. "நல்லவேளை, இப்பவாவது சொன்னீங்க. எதுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துடுவோம்" என்றார்.

முடிவு வரும்வரை ஐந்து நாள் தையல்காரிக்குச் சோறு இறங்கவில்லை. இதயத்தில் கோளாறில்லை, உடம்பு அசையாமல் ஏறிய அழுத்தம்தான், இனி தினமும் விளையாட வேண்டும் என்றார்கள்.

மறுநாள் மாலை மெஷினை மூடிவிட்டு மைதானத்துக்குப் போனாள். மகள் அரைச் சுற்று ஓடியதுமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைவிடச் சின்னப் பிள்ளைகள் தாண்டிப் போனார்கள். நின்ற இடத்திலேயே தையல்காரியின் வலது கால் தானாக மிதித்தது. மகள் ஓரடிகூட நகரவில்லை.

பக்கத்தில் ஒருத்தி, "டியூஷனுக்கு நேரமாச்சு, வாடா" என்று தன் மகனைக் கூப்பிட்டாள்.

தையல்காரி அவள் கையைப் பிடித்தாள். "விடும்மா, அவன் ஓடட்டும். பிள்ளைக்காக நாம எவ்வளவு வேணா உழைக்கலாம். அதோட இதயத்துக்கு வேண்டிய ஓட்டத்த மட்டும் அதுதான் ஓடணும். நம்ம காலு அதுக்கு உதவாது."