கம்பி கட்டிய காடி

கதவு உடைந்து உள்ளே விழுந்தபோது அம்மாக்கண்ணு துணியில் புளித்த கஞ்சிக் காடியை வடிகட்டிக்கொண்டிருந்தாள்.

கதவை மிதித்தபடி வந்தான் குப்பன். கையில் நாட்டுத் துப்பாக்கி. கணியம்பாடிப் பக்கத்து ஆள். மலையேறிச் சந்தன மரம் திருடுகிறவன். மூன்று நாளைக்கு முன்னால் ஓடைக்கரையில் காட்டுக் காவலாளி முனியனின் கழுத்தைக் கோடாலியால் பிளந்தவன்.

அதைப் பார்த்தது ஒரே ஆள். அம்மாக்கண்ணுவின் புருஷன் ரங்கன். இன்னும் ஒரு மணி நேரத்தில் திருப்பத்தூர் பஸ் ஏறி, கோர்ட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிடத் துணிந்திருந்தான். நாய் குரைத்ததும் பரணில் ஏறியவன், குப்பனின் தலைக்கு நேர் மேலே, சாமை மூட்டைகளுக்குப் பின்னால் படுத்திருந்தான்.

"எங்கடி அவன்?"

"சந்தைக்குப் போயிருக்காரு."

கன்னத்தில் அறை விழுந்தது. அவள் உதடு கிழிந்து ரத்தம் காடிச் சட்டிக்குள் சொட்டியது.

"நானே சந்தையிலேர்ந்துதான் வர்றேன். அங்க உன் புருசனும் இல்ல, அவன் நெழலும் இல்ல."

"அப்ப சாராயத்துக்குப் போயிருப்பாரு. என்னைக் கேட்டுக்கினா போறாரு?"

குப்பன் சிரிக்கப் போய் இருமினான். இருமல் அவனை இரண்டாக மடித்தது. தோள்பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தான். புளித்த சாமைக் கஞ்சியின் காடியில் ஆடாதொடையும் தூதுவளையும் ஊறவைத்து, மலைத்தேன் கலந்த இருமல் மருந்து. போன வாரம் அவளே சந்தையில் விற்றது.

அவள் பாட்டிலின் வாயைத் துணியால் கட்டிக் கொடுத்திருந்தாள். மலையில் யாரும் அதற்கு மூடி போடுவதில்லை. தேன் சேர்ந்த காடி பொங்கிக்கொண்டே இருக்கும்; அது மூச்சு விட வேண்டும்.

இதிலோ தக்கையை அடித்து இறக்கி, மேலே இரும்புக் கம்பி முறுக்கியிருந்தது.

"பையெல்லாம் ஒழுகி எறும்பு மொய்ச்சிடுச்சு. அதான் அடிச்சு மூடிட்டேன். இந்தா, தொற. மொதல்ல நீ குடி. உன்னை நம்ப நான் இன்னா கேனையனா?"

கையில் வாங்கினாள். வெயிலில் வந்த கண்ணாடி சுட்டது. கழுத்துவரை நுரை முட்டிக்கொண்டு நின்றது.

"இது வெடிச்சிடும்."

"மருந்து வெடிக்குமா? நான் கல்லுக்கே வெடி வெச்சவன்டி! தொற!"

அப்போது மேலேயிருந்து சாமை மணிகள் சலசலவென்று உதிர்ந்து குப்பனின் தோளில் விழுந்தன.

அவன் நிமிர்ந்தான். பல் தெரியச் சிரித்தான்.

"ஓ... சந்தை மேல நடக்குதா?"

துப்பாக்கி பரணை நோக்கி உயர்ந்தது.

அம்மாக்கண்ணு யோசிக்கவில்லை. அவன் முகத்துக்கெதிரே நீண்டிருந்த குழலின் மேல் பாட்டிலை ஓங்கி அடித்தாள்.

வெடித்தது. அவன் நெற்றியிலிருந்து தாடைவரை கண்ணாடி இறங்கியது. துப்பாக்கி திசை மாறிச் சுட்டது. கூரைப் புல் பிய்ந்து பறந்தது. குப்பன் கண்ணைப் பொத்திக்கொண்டு ஊளையிட்டான். மறு கை துப்பாக்கியைத் தேடித் தரையில் துழாவியது. அவள் உலக்கையை எடுத்து அந்த மணிக்கட்டில் இறக்கினாள். எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. இன்னொரு முறை இறக்கினாள்.

ரங்கன் கொடுவாளோடு பரணிலிருந்து குதித்தான். "தள்ளு! தலைய எடுத்துடறேன்!"

அவள் குறுக்கே நின்றாள். உள்ளங்கை கிழிந்து தொங்கியது.

"வெட்டுனா நீ சாட்சியில்ல, கொலகாரன். அப்புறம் முனியனுக்கு யார் பேசறது? கவுறு எடு."

ரங்கன் கொடுவாளைக் கீழே எறிந்தான். கயிற்றை எடுத்தான்.

கட்டியதும், வடிகட்டிய காடியைக் குப்பனின் முகத்தில் ஊற்றிச் சில்லுகளைக் கழுவினாள். அவன் துடித்தான். கதறினான். அவள் இரக்கப்படவில்லை, நிறுத்தவும் இல்லை. கழுவிய காயத்தில் கெட்டித் தேனை அப்பித் துணியால் இறுக்கினாள்.

"சாவாதே. கோர்ட்டுல நீயும் நிக்கணும்."

ரங்கன் விழித்தான். "இவனை பஸ்ஸுல எப்படி ஏத்தறது? கண்டக்டர் கேட்டா?"

"லக்கேஜுன்னு சொல்லு" என்றாள் அம்மாக்கண்ணு, குப்பனின் காலைப் பிடித்து வாசலுக்கு இழுத்தபடி.