மணல்வழி மூடிய பிற்பகல்

எங்கள் ஊருக்கும் தீவுக்கும் நடுவே கடல் நாளுக்கு இரண்டு முறை விலகும். விலகிய பின் ஈர மணலில் டிராக்டரே ஓட்டிக்கொண்டு போகலாம். தண்ணீர் திரும்பி வருவதை வெளியூர்க்காரர்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அது சுவர் போல முன்னால் வராது. தீவுக்கு வடக்கே ஒரு நாக்கு, தெற்கே ஒரு நாக்கு என்று சுற்றி வந்து, ஊர்ப்பக்கம் இருக்கும் பள்ளத்தில் இரண்டும் சேர்ந்துகொள்ளும். தீவில் நிற்பவனுக்குக் காலடி மணல் காய்ந்தே இருக்கும். வழி அடைபடுவது ஊரை ஒட்டித்தான். மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று பலமாக இருந்தால் தண்ணீர் நேரத்துக்கு முன்பே வந்துவிடும்.

எங்கள் ஊர்க்காரன் ஃபெஸ்டியை அடக்கம் செய்த அன்று மேல்காற்று பலம். எங்கள் இடுகாடு தீவில் இருக்கிறது.

நான் அன்று போகவில்லை. கோல்மன் வீட்டு மாடியறையில் அவன் மனைவி வின்னியின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு நுரையீரல் போய்விட்டது. ஓரிரு நாள்தான் என்று காலையில் டாக்டர் சொல்லியிருந்தார். கோல்மன் எழுத்தாளன். அன்பைப் பற்றியும் ஞானத்தைப் பற்றியும் முழுசாக வாழ்வதைப் பற்றியும் அவன் எழுதிய புத்தகங்களை டப்ளினில் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறவர்கள் இருக்கிறார்களாம். வானொலியில் அவன் பேசக் கேட்டு நானே அழுதிருக்கிறேன். வின்னி அவனிடம் கேட்டது ஒன்றுதான். கடைசி நேரத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவன் பக்கத்தில் இருக்க வேண்டும். இருப்பேன் என்று சத்தியம் செய்திருந்தான்.

ஃபெஸ்டியின் மனைவி வந்து, குழியருகே நாலு வார்த்தை பேச வேண்டும் என்று அவனைக் கேட்டாள். எங்கள் ஊரில் அதை மறுக்க முடியாது. அவன் தயங்கி நின்றான். வின்னிதான் அனுப்பினாள்.

"போயிட்டு வா. ஆனா சுருக்கமாப் பேசு. ஃபெஸ்டிக்கு இனிமே அவசரமில்ல, எனக்குத்தான் அவசரம்."

அவன் சிரித்துவிட்டு அவள் நெற்றியில் முத்தமிட்டான். என் கணவர் பார்ட்லியின் டிராக்டரில் ஏறி, சவப்பெட்டியின் பின்னால் போனான்.

மாடி ஜன்னலிலிருந்து தீவின் மேடு நன்றாகத் தெரியும். கறுப்புக் கோட்டுகள் குழியைச் சுற்றி நின்றன. பாதிரியாரின் வெள்ளை அங்கி காற்றில் படபடத்து அடங்கியது. அப்புறம் யாரும் அசையவில்லை.

ஏன் அசையவில்லை என்று சொல்ல வேண்டும். குழி திறந்திருக்கும்போது அதன்மேல் பேசுகிறவனை நாங்கள் குறுக்கிடுவதில்லை. அவன் முடித்த பிறகே மண் தள்ளுவார்கள். வெட்டி எடுத்த புல்கட்டிகளை எடுத்த வரிசையிலேயே திரும்பப் பொருத்துவார்கள். ஜெபமாலையில் ஒரு பத்து மணிகளுக்கு ஜெபம் சொல்வார்கள். அதுவரை ஒருவரும் கிளம்புவதில்லை. அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் தண்ணீரின் போக்கு தெரியும். பக்கத்தில் நிற்பவன் இருமி ஜாடை காட்டட்டும் என்று ஒவ்வொருவரும் காத்திருந்தார்கள். பாதிரியார் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்தாராம். கோல்மன் அதைக் கவனித்து, ஃபெஸ்டி ஒருநாளும் கடிகாரம் பார்த்து வாழ்ந்தவனில்லை என்று அதையும் பேச்சில் சேர்த்துக்கொண்டானாம்.

பார்ட்லி பிற்பாடு எனக்கு விவரமாகச் சொன்னார். எதிரில் இருப்பவரோடு அந்த நிமிஷம் இருப்பதற்குப் பேர்தான் அன்பு என்றானாம். பாதி மனசோடு ஓரிடத்தில் நிற்பவன் எங்குமே நிற்கவில்லை என்றானாம். ஃபெஸ்டியின் மனைவி அழுகையை நிறுத்திவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

"நல்லாத்தான் பேசினான், டீலியா. அதான் வினையாப் போச்சு," என்றார் பார்ட்லி.

மாடியறையில் வின்னி கண்ணைத் திறக்காமல் கேட்டாள்.

"கிளம்பிட்டாங்களா?"

"இன்னும் நிக்கிறாங்க."

"அப்ப இன்னும் பேசுறான்."

ஜன்னலுக்குக் கீழே பள்ளத்தில் வடக்கு நாக்கு வந்துவிட்டிருந்தது. தெற்கு நாக்கு பாசிக்கற்களைச் சுற்றிக்கொண்டிருந்தது. மேட்டிலிருந்து பார்த்தால் இந்தப் பள்ளம் தெரியாது. இரண்டும் சேர்ந்தபோதுதான் அங்கே மண்வெட்டிகள் அசைய ஆரம்பித்தன.

படகு இல்லையா என்று கேட்கலாம். படகெல்லாம் எங்கள் கரையில்தான் கிடந்தன. துடுப்பு பிடிக்கத் தெரிந்த ஆண்களெல்லாம் தீவில் நின்றார்கள். ஆள் இருந்திருந்தாலும் படகு அந்த நேரத்தில் உதவாது. நடக்க ஆழம் அதிகம், படகுக்கு ஆழம் போதாது, அலையோ பக்கவாட்டில் அடித்தது.

முதல் டிராக்டர் பள்ளத்தின் அந்தக் கரை வரை வந்து நின்று, திரும்பிப் போயிற்று. அதிலிருந்து குதித்த ஒருவன் தண்ணீருக்குள் நடந்தான். மார்பளவு வந்ததும் இரண்டு பேர் ஓடி வந்து அவனைப் பின்னால் இழுத்தார்கள். அந்த நீளக் கோட்டைப் பார்த்தே கோல்மன் என்று எனக்குத் தெரிந்தது. வின்னியிடம் சொல்லவில்லை.

அவள் மூச்சு மாறிவிட்டிருந்தது. கடைசியில் மூச்சு சீராகக் குறைவதில்லை. நாலைந்து வேகமாக வந்து நின்றுவிடும். முடிந்தது என்று நினைக்கும்போது மறுபடி தொடங்கும். அவள் கை போர்வைமேல் எதையோ தேடியது. என் கையைக் கொடுத்தேன். குளிர்காலம் முழுக்கப் பாறையிடுக்கில் கடல்நத்தை பொறுக்கும் கை இது.

"கோல்மன், உன் கை எப்ப இப்படிக் காய்ச்சுப் போச்சு?"

வாயைத் திறந்தால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"வேலை செஞ்ச கை மாதிரி இருக்கு," என்றாள். அது அவளுடைய கிண்டல்தான். கொஞ்சம் பொறுத்து, "இருக்கட்டும். சூடா இருக்கு," என்றாள்.

அதற்குப் பிறகு மூச்சு தொடங்கவில்லை.

உயிர் வெளியே போகட்டும் என்று ஜன்னலைத் திறந்துவிட்டேன். மற்ற ஜன்னல்களின் திரைகளை இறக்கினேன், சாவு நடந்த வீட்டுக்கு அதுதான் அடையாளம். தீவில் நின்றவர்களுக்கு அது புரிந்திருக்கும். பக்கத்து வீட்டுப் பெண்ணும் நானுமாக அவளைக் குளிப்பாட்டி, விரல்கள் விறைக்கும் முன்பே கைகளைக் கோத்து ஜெபமாலையைச் சுற்றினோம். தாமதித்தால் பிறகு கோக்க முடியாது.

தண்ணீர் வடிந்து மணல்வழி திறந்ததும் கோல்மன் வந்தான். சட்டையில் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. கட்டிலைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"யாரு இருந்தா?"

"அவளப் பொறுத்தவரைக்கும் நீதான் இருந்த."

எல்லாவற்றையும் சொன்னேன், அந்தக் கிண்டலையும் சேர்த்து. கட்டிலருகே மண்டியிட்டு அவள் கையைத் தேடினான். கோத்த விரல்களுக்கு நடுவே அவன் விரல் நுழைய இடமில்லை.

"இத அவுக்க முடியுமா, டீலியா?"

"மணியை அவுக்கலாம். விரல் வராது, கோல்மன்."