சவேரியார் சாலின் பாப்பரசர்கள்

தாராவியில் ஒட்டு வீடுகள் வரிசையாக நிற்கும் சவேரியார் சாலில் சென்ற அக்டோபர் மாதம் வீட்டுக்கு ஒரு பாப்பரசர் இருந்தார். ஜெபமாலை மாதமாகையால் அன்பியம் என்கிற அக்கம்பக்க ஜெபக்குழுவின் மாதா சுரூபம் தினம் ஒரு வீட்டில் தங்கும். சுரூபம் யார் வீட்டில் இருக்கிறதோ, மறுநாள் சாயங்காலம் அது அடுத்த வீட்டுக்குக் கிளம்பும்வரை அந்த வீட்டுக்காரர்தான் பாப்பரசர். ரோமாபுரியில் இருக்கும் அசல் பாப்பரசருக்கு இதனால் இடைஞ்சல் எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. சாலில் இருந்தவர்களுக்குத்தான் வந்தது.

தொடங்கி வைத்தவர் அன்பியத் தலைவர் தனசீலன், சயானில் தையல்கடை வைத்திருப்பவர். முதல் நாள் சுரூபம் அவர் வீட்டில். ஜெபமாலை முடிந்து டீ குடிக்கையில், புதுப் பாப்பரசரைத் தேர்ந்தெடுத்ததை டிவியில் பார்த்த ஞாபகத்தில், "நாம பாப்பரசரா இருந்தா என்னத்த மாத்துவோம்? வீட்டுக்காரங்க ஆளுக்கொண்ணு சொல்லணும்" என்று விளையாட்டாகச் சொன்னார். ஒரு உலை சோறு வேகும் நேரத்துக்கு மேல் பிரசங்கம் இருக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். எல்லோரும் கை தட்டினார்கள். மறுநாள் காலைப் பூசையில், பிரசங்கம் பாதியில் இருக்கும்போது சவேரியார் சால்காரர்களுக்கு மட்டும் காது அடைத்துக்கொண்டது. மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்; இவர்கள் ஃபாதரின் வாய் திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காணிக்கைப் பாட்டு தொடங்கியதும் காது திறந்தது. சிரிப்பு வந்தது என்னவோ உண்மை. சிரித்தவர்கள் வீடு திரும்பும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

செம்பூர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் ஆனி, பொம்பளைகளும் பூசை வைக்கலாம் என்று மாற்றினாள். மறுநாள் காலையில் சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்தவள், சும்மா சோதித்துப் பார்ப்போமே என்று தட்டில் இருந்த சப்பாத்தியின் மேல் கை வைத்து, சிறுவயதிலிருந்து பூசையில் கேட்டுக் கேட்டு மனப்பாடமான, அப்பத்தை ஆண்டவரின் உடலாக்கும் அந்த வார்த்தைகளைச் சொன்னாள். சால் முழுக்க மணி அடித்தது. மணி என்று ஒன்று அங்கே எந்த வீட்டிலும் கிடையாது. குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தோடு முழங்காலில் விழுந்தார்கள். அந்தச் சப்பாத்தியைத் தின்னவும் முடியாமல் தூரப் போடவும் முடியாமல் ஆனி எவர்சில்வர் டப்பாவில் வைத்து, முன்னால் ஒரு விளக்கையும் ஏற்றி வைத்தாள். அன்றிலிருந்து ஊசிப் போகாமல் அப்படியே இருக்கிறது. ஆனி அந்தப் பக்கம் கால் நீட்டிப் படுப்பதில்லை.

இதற்குப் பிறகுதான் சாலுக்கு விளையாட்டு விட்டுப்போனது. சுரூபத்தைக் கோயிலிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நாலு ஆம்பிளைகள் தூக்கிப் பார்த்தார்கள். முழங்கை உயர மரச்சுரூபம் அம்மிக்கல் போல உட்கார்ந்துகொண்டது. அடுத்த வீட்டை நோக்கித் திரும்பினால் மட்டும் ஒற்றைக் கையில் வந்தது. ஆசை ஆசையாகப் பேசியவர்கள் எல்லாம் தங்கள் முறை வந்ததும் பூ விலை, மெழுகுதிரி விலை என்று ஆபத்தில்லாத சட்டமாகப் பார்த்துச் சொல்லத் தொடங்கினார்கள். ஆனாலும் எல்லோருடைய கண்ணும் மாதக் கடைசியில்தான் இருந்தது. கடைசிக்கு முந்திய வீடு ஸ்டெர்லினுடையது. கடைசி வீடு சேசம்மாளுடையது.

சேசம்மாள் மாட்டுங்காவில் ஒரு மெஸ்ஸில் சமையல் செய்கிறவர். புருஷன் இல்லை. ஒரே மகள் அனிஷா, கல்லூரி முடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், இரண்டு வருஷத்துக்கு முன்னால் காலையில் பஸ்ஸுக்குப் போகும்போது பின்னோக்கி வந்த தண்ணீர் டாங்கர் ஏறிச் செத்தாள். டாங்கரின் டிரைவர் ஸ்டெர்லின். ஆனால் அந்த நேரத்தில் வண்டியை எடுத்தது கிளீனர்தான் என்று அவன் சொன்னான். கிளீனரும் ஊரை விட்டு ஓடிவிட்டதால் அந்தச் சொல்லே நிலைத்துவிட்டது. சாலில் யாரும் அதை முழுசாக நம்பவில்லை, வாய்விட்டுக் கேட்கவும் இல்லை. அதே குழாயில்தான் இருவரும் தண்ணீர் பிடித்தார்கள். இப்போது பாப்பரசராகப் போகிற சேசம்மாள், இன்ன பாவத்துக்கு மன்னிப்பே கிடையாது என்று ஒரு வார்த்தை சொன்னால் ஸ்டெர்லினின் கதி என்ன என்று நினைத்து, அவனைப் பிடிக்காதவர்கள்கூட நடுங்கினார்கள்.

ஸ்டெர்லின் தன்னுடைய நாளில் தப்பித்துக்கொள்ளப் பார்ப்பான் என்றே எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவனோ வேர்த்து வடிந்து நின்று, "எதுவும் மாற வேண்டாம்" என்று மட்டும் சொன்னான். அன்று எதுவும் மாறவில்லை. உலை கொதிக்கவில்லை. அழுத குழந்தை அழுதுகொண்டே இருந்தது. குழாயிலிருந்து விழுந்த தண்ணீர் பாதியில் கண்ணாடிக் கம்பியாகத் தொங்கிக்கொண்டு நின்றது. மறுநாள் சாயங்காலம் சுரூபத்தைத் தூக்கிய பிறகே அது குடத்தில் விழுந்தது.

சேசம்மாள் வெள்ளைத் துணி விரித்து வைத்திருந்தார். ஜெபமாலை முடிந்ததும் அவர் எழுந்து நின்று, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "யாருக்குப் பாவம் பண்ணுனோமோ அவங்ககிட்டயே போயி பாவசங்கீர்த்தனம் பண்ணணும். சாமியார்ட்ட சொல்லி மூஞ்சியக் கழுவிட்டு வாரது செல்லாது. சொல்லாதவன் நாக்குல நன்மை அப்பம் கரையக் கூடாது. அவ்வளவுதான்."

ஞாயிற்றுக்கிழமை சவேரியார் சால்காரர்கள் நன்மை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது, நற்கருணை அப்பம் ஒருவர் வாயிலும் கரைந்திருக்கவில்லை. துப்பினால் தெய்வக் குற்றம்; விழுங்கப் போனால் தொண்டைக்குள் இறங்காமல் நாக்குக்கே திரும்பி வந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அந்த வாரம் சாலில் குறுகுறுத்தது கன்னம். கதவு தட்டுகிற சத்தம் கேட்டாலே ஜனங்களுக்குக் குலை நடுங்கியது, தட்டுகிறவர்களுக்கும்தான். தனசீலன், பக்கத்து வீட்டுக் குழாயிலிருந்து மோட்டார் வைத்து இழுத்ததை அந்த வீட்டு வந்தனாவிடம் ஹிந்தியில் சொல்லித் தீர்த்தார். அவள் கத்திய கத்தலில் அப்பம் நெய்யாகக் கரைந்தது. இரண்டு குடும்பங்களில் பேச்சு நின்றது. ஒரு கல்யாணம் முறிந்தது. அக்டோபர் முடிந்தும் சுரூபம் சேசம்மாள் வீட்டை விட்டு அசையவில்லை. அதனால் சட்டமும் அப்படியே நின்றது.

ஸ்டெர்லின் மட்டும் போகவில்லை. ஒரு பக்கக் கன்னம் புடைத்தபடி டாங்கர் ஓட்டினான். டீயும் கஞ்சியும்தான் உள்ளே போயின. அவன் வற்றிக்கொண்டு வருவதைப் பார்த்த சாலில் யாரும் சேசம்மாளைக் கவனிக்கவில்லை. அவருக்கும் ஒரு கன்னம் புடைத்திருந்தது. கேட்டவர்களிடம் பல்வலி என்றார். கல்லறைத் திருநாளன்று அனிஷாவின் கல்லறைக்குப் போய், மெழுகுதிரி அணைந்த பிறகும் மண்ணில் வாயை வைத்து ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். திரும்பி வரும்போதும் அப்பம் அப்படியேதான் இருந்தது. தான் போட்ட சட்டத்தில், கேட்க ஆளில்லாமல் போனவர்களுக்கு வழி வைக்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்த ராத்திரி தொடங்கி அவர் விளக்கை அணைக்கப் பயந்தார்.

டிசம்பர் பிறந்து, சாலில் நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் ஸ்டெர்லின் வந்தான். சேசம்மாள் அவனைக் கண்டதும் கதவைச் சாத்தப் போனார். இத்தனை நாள் எதற்காகக் காத்திருந்தாரோ அதைக் கேட்க அவருக்குத் தைரியம் இல்லை. அவன் வாசற்படியிலேயே முழங்காலில் இருந்தான்.

"சித்தி, ரிவர்ஸ் எடுத்தது நாந்தான். போன்ல பேசிக்கிட்டே எடுத்தேன். கிளீனர் பய பாவம், காசு குடுத்து நாந்தான் ஓடச் சொன்னேன்."

"அப்புறம்?"

"எறங்கி ஓடிப் பாத்தேன். உசுரு இருந்துது. தண்ணி கேட்டா. வண்டி நெறையத் தண்ணி, சித்தி. குடுக்கல. பயந்து ஓடிட்டேன்."

சேசம்மாள் நிலைக் கட்டையைப் பிடித்துக்கொண்டார். "வேற ஏதாம் சொன்னாளால?"

அவன் வாசற்படியைப் பார்த்துச் சொன்னான். "அம்மாட்ட சொல்லாதீய அண்ணே, வைவான்னு சொன்னா."

அதைச் சொன்னதும் அவன் வாயில் இருந்தது கரைந்தது. அவன் அழுதுகொண்டே எழுந்து போகத் திரும்பினான். சேசம்மாள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "எங்கல போற? எம்பாவத்த யாருகிட்ட போயிச் சொல்லுவேன்? அவட்ட கடேசியாப் பேசுனவன் நீதான். நீ கேளு." பிறகு சொன்னார். அன்று காலையில் மகள் யாரோ ஒரு பையனோடு போனில் சிரித்துப் பேசியதற்காக, நீயெல்லாம் செத்துத் தொலை என்று சொன்னதை. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்ததை. தான் பார்க்காத மாதிரி அரிசி களைந்துகொண்டு நின்றதை. சொல்லி முடித்தபோது அவருடைய அப்பத்தில் ஒரு ஓரம் மட்டும் கரைந்தது.

மறுநாளே ஸ்டெர்லின் போலீஸிலும் போய்ச் சொன்னான். கேஸ் நடக்கிறது, வாய்தாவுக்குப் போய் வருகிறான். டாங்கர் ஓட்டுவதை விட்டுவிட்டு இப்போது வீடுகளுக்குத் தண்ணீர் கேன் போடுகிறான். சேசம்மாள் அவனை மன்னித்தாரா என்று சாலில் யாருக்கும் தெரியாது; அவரும் சொன்னதில்லை. சனிக்கிழமைதோறும் வேலை முடிந்து அவன் வருகிறான். அவர் அதே பாவத்தை அவனிடம் திரும்பச் சொல்கிறார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கரைகிறது. மிச்சம் இருப்பதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அவர் பேசுவது சாலுக்குப் பழகிவிட்டது. புதிதாகக் குடி வருகிறவர்களுக்கு வாடகையையும் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தையும் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள்.

போகும்போது ஸ்டெர்லின் கேனிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து, சுரூபத்துக்குப் பக்கத்தில், அனிஷாவின் படத்தின் முன்னால் வைத்துவிட்டுப் போவான். காலையில் டம்ளர் காலியாக இருக்கும். சேசம்மாள் அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்புவார்.