கரிச்சானுக்குப் போட்ட மாலை

நாமகிரிப்பேட்டைக்குத் தெற்கே மருதாசலத்தின் தோட்டத்தில், கிணற்று மேட்டைச் சுற்றிச் செவ்வரளி மண்டிக் கிடந்தது. வெட்ட முடியாது, கருப்பண்ணசாமிக்கு உகந்த பூ. சாமிக்கு உகந்தது ஆட்டுக்கு ஆகாது என்பதுதான் அவன் பெண்டாட்டி சாலம்மாளுக்குத் தலைவலி. இலந்தை முள்ளை வெட்டி வந்து அரளியைச் சுற்றி அவளே வேலி அடைத்தாள். காற்றில் உதிர்ந்த இலையைக்கூடப் பொறுக்கிக் குழியில் போட்டு மூடினாள். எல்லாம் கரிச்சான் என்கிற ஒரு கறுப்புக் கிடாய்க்காக.

தாயாடு செத்துப்போன குட்டி அது. துணியைப் பாலில் நனைத்து ஊட்டி வளர்த்தாள். மற்ற ஆடுகள் பட்டியில் அடையும். இது அடுப்படியில் படுத்துக்கொண்டு அவள் முந்தானையைச் சப்பும். அதைச் சாமிக்கு நேர்ந்துவிட்டவளும் அவளேதான். மருதாசலம் குளிர்காய்ச்சலில், ஆஸ்பத்திரியில் கொடுத்த கொயினா மருந்துக்கும் கேட்காமல் கிடந்தபோது, "எம்பட ஊட்டுக்காரரை எழுப்பிக் குடு சாமி, இந்தக் குட்டியை உனக்கே தாறேன்" என்றாள். அன்றைக்கு அது அவளுக்கு வெறும் குட்டி. புருஷன் எழுந்தான், குட்டியும் வளர்ந்தது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

நோம்பித் திருவிழாவன்று கருப்பண்ணசாமி கோயில் முன்னால் கிடாயை நிறுத்தினார்கள். பூசாரி சென்னிமலை அதன் கழுத்தில் செவ்வரளி மாலையைப் போட்டுத் தலையில் தீர்த்தம் தெளித்தார். கிடாய் உடம்பை உதறித் துளுக்கினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டதாக அர்த்தம்; அப்புறம் அரிவாள்தான். கரிச்சான் துளுக்கவில்லை. "துளுக்கு சாமி, துளுக்கு" என்று கூட்டம் கெஞ்சியது. அது தன்பாட்டுக்குக் கழுத்தை வளைத்து மாலையைக் கடித்தது.

சாலம்மாள் பாய்ந்துபோய் அதன் வாய்க்குள் விரலை விட்டாள். பூவும் இலையும் முழுசாகக் கைக்கு வந்தன. ஒன்றும் உள்ளே போகவில்லை.

"தின்னுபோட்டானா?" என்றார் பூசாரி.

இல்லை என்றால் அரிவாள். ஆமாம் என்றால் சாமியிடமே பொய். அந்தச் சாமி திருப்பிக் கொடுத்த உயிர், பக்கத்திலேயே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அவள் வலக்கையை மூடிக்கொண்டாள்.

"தின்னுபோட்டானுங்க" என்றாள்.

பூசாரி அரிவாளைக் கீழே வைத்தார். "அரளி தின்ன கிடாய் சாமிக்கு ஆகாதுங்க. பொழைச்சாலும் இனிக் கொண்டாராதீங்க. அடுத்த நோம்பிக்கு வேற கிடாய் செலுத்திப் போடுங்க."

கறிச்சோற்றுக்கு வந்திருந்த பங்காளிகளின் முகம் சுருங்கிப்போயிற்று.

வரப்பில் மருதாசலம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். கிடாய் துள்ளிக்கொண்டு போனது. அதைப் பார்த்தால் நஞ்சு தின்றது என்று பச்சைப்பிள்ளைகூட நம்பாது. அவன் திரும்பியே பார்க்கவில்லை. திட்டினாலும் தேவலை என்றிருந்தது சாலம்மாளுக்கு. காய்ச்சல் திரும்பி வந்தால் அது தன்னால்தான் என்று நினைக்க நினைக்க அழுகை முட்டியது. அவள் வலக்கை மூடியே இருந்தது; உள்ளே பூ கசங்கிக் கிடந்தது. வேலியோரம் வந்ததும் மெல்லக் கையைத் திறக்கப் போனாள்.

மருதாசலம் நின்று, திரும்பி அவள் கையைப் பார்த்தான்.

"இங்கே போட்டுறாதே புள்ள. ஊர் ஆடு தின்னுபோடும்" என்றான்.