அலமாரியில் இல்லாத புத்தகம்

1

இந்தக் கதை ஒரு தாளிலிருந்து வந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமைதோறும் எழுதித் தருகிற புத்தக மதிப்புரைத் தாள். அதைத் திருத்தி, சிவப்பு மையில் ‘மிக நன்று’ என்று போட்டவள் நான். அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் பயம் வருகிறது. எழுதினால் தணியுமோ என்று பார்க்கிறேன்.

பெண்ணுக்கு வானதி என்று பெயர் வைத்துக்கொள்கிறேன். ஊர் மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று. என் பெயர் ஷமா. அதை மட்டும் மாற்றவில்லை. மாற்றினால் தப்பித்துக்கொண்டது போலாகிவிடும்.

2

தொடங்கிப் பார்த்தவை:

‘சம்பாப் பயிர் பால் பிடித்திருந்த மார்கழிக் காலையில் வானதி’ (அழகாக இருக்கிறது. அவளுக்கு அன்று எதுவும் அழகாக இல்லை. வேண்டாம்.)

‘அக்காவுக்குக் கல்யாணம் என்று கேட்டதும் வானதி அழு’ (அழவில்லை.)

சரி, நேராகவே சொல்கிறேன். வானதிக்குப் படிக்கிற பைத்தியம். பள்ளியில் இருந்த இரண்டு அலமாரிப் புத்தகங்களையும் ஏழாம் வகுப்பிலேயே முடித்துவிட்டாள். உர மூட்டையின் பின்பக்கம், மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதம், எதையும் விடமாட்டாள். அக்கா கலைமகள் பன்னிரண்டாம் வகுப்பு, வயது பதினேழு. அப்பா துரைராசு குத்தகை நிலத்தில் நெல் போடுகிறவர்.

மார்கழியில் ஒருநாள், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பையனின் வீட்டார் கலைமகளைப் பார்த்துவிட்டுப் போனார்கள். தைக் கடைசியில் கல்யாணம் என்று முடிவானது. அம்மா தங்கமணி வானதியைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனாள்.

“பள்ளிக்கூடத்துல மூச்சு விடக் கூடாது. வெளிய தெரிஞ்சா அப்பாவ போலீஸ் கூட்டிட்டுப் போயிரும். புரியுதா?”

வானதி தலையாட்டினாள். அன்றிலிருந்து சோறு பிசையும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் அப்பாவை ஜீப்பில் ஏற்றுவது கண்ணுக்குள் ஓடியது. அக்காவைப் பார்த்தால் வேறொரு பயம். கலைமகள் பேச்சையே நிறுத்தியிருந்தாள். பாடப் புத்தகங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிவைத்துவிட்டாள்.

யாரிடமும் சொல்லக் கூடாது. ஆனால் ஒரு புத்தகத்தில் படித்ததாகச் சொல்லலாம் இல்லையா?

3

தாள் இதுதான்:

நூலின் பெயர்: மூடிய மதகு
ஆசிரியர்: வேம்பு
கதைச் சுருக்கம்: ஒரு வீட்டில் அக்காவுக்குப் பதினெட்டு வயது ஆகுமுன் கல்யாணம் வைக்கிறார்கள். தங்கைக்குத் தெரியும். சொன்னால் அப்பா ஜெயிலுக்குப் போவார். சொல்லாவிட்டால் அக்கா போய்விடுவாள்.
பிடித்த பகுதி: அக்கா கணக்குப் புத்தகத்தை மட்டும் சாக்கில் கட்டாமல் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைப்பது.
நான் கற்றது: தெரியவில்லை. கடைசிப் பக்கங்கள் கிழிந்துவிட்டன.

(அப்படியொரு புத்தகம் எங்கள் அலமாரியில் இல்லை என்பது எனக்குத் தெரியும். சாவி என்னிடம்தான் இருக்கிறது.)

4

முதல் வடிவில் ‘மறுநாளே ஷமா டீச்சர் அவள் வீட்டுக்குப் போனார்’ என்று எழுதியிருந்தேன். படிக்க நன்றாக இருந்தது. பொய். திங்கட்கிழமை தாளைத் திருத்திவிட்டுப் பதினோரு நாள் சும்மா இருந்தேன். ‘எங்க வீட்டு விஷயத்துல உங்களுக்கு என்னங்க?’ என்று அவள் அப்பா கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன்.

அந்த நாட்கள் வானதிக்கு எப்படிப் போயின என்று அவளே பிறகு சொன்னாள். வருகைப் பதிவேட்டிலிருந்து நான் தலை நிமிர்ந்தாலே அவள் குனிந்துகொள்வாளாம். டீச்சருக்குப் புரிந்துவிட்டதோ என்று பயம். புரியவில்லையோ என்று அதைவிடப் பயம்.

பன்னிரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை, அவளைக் கூப்பிட்டேன்.

“அந்தப் புத்தகம் எங்க வானதி?”

“பக்கத்து வீட்டுல வாங்கிட்டுப் போயிட்டாங்க டீச்சர்.”

“சரி. நாளைக்கு நானே வீட்டுக்கு வந்து வாங்கிக்கறேன்.”

அவள் சாயங்காலம் வீட்டுக்குப் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கலைமகள் கேட்டுக்கொண்டாள்.

5

சனிக்கிழமை காலை என் வண்டிச் சத்தம் கேட்டதும் வானதி கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். துரைராசு வாசலில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார்.

“வாங்க டீச்சர், உக்காருங்க. தங்கம், டீ போடு.”

(இவரை வில்லனாக்க இரண்டு முறை முயன்றேன். நிற்கவில்லை. இரண்டு வருஷமாக அறுவடை நேரத்து மழையில் கதிர் சாய்ந்து நொந்துபோனவர். பெரியவளையாவது கரையேற்றிவிட வேண்டுமே என்ற பயம் அவருக்கு. அந்த வீட்டில் அன்று பயப்படாதவர் யாருமே இல்லை, என்னையும் சேர்த்து.)

“வானதி ஒரு புத்தகம் படிச்சிருக்கா. அதை வாங்கிட்டுப் போக வந்தேங்க.”

“என்ன புக்கும்மா? எடுத்துக் குடு.”

வானதி முன்னால் வந்தாள். கை வெறுமையாக இருந்தது. அப்போது கலைமகள் உள்ளேயிருந்து வந்து தங்கச்சிக்குப் பக்கத்தில் நின்றாள்.

“புத்தகமெல்லாம் இல்லப்பா. என்னைப் பத்திதான் எழுதிருக்கா. நான் பரீட்சை எழுதணும்.”

துரைராசு வானதியைப் பார்த்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

“யார் யாரெல்லாம் படிச்சாங்க?”

“நான் மட்டும்தாங்க,” என்றேன். “ஆனா நேத்தே குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் பண்ணிட்டேன். திங்கக்கிழமை வருவாங்க. நீங்களா நிறுத்திட்டீங்கன்னா பேசறதுக்கு நானும் கூட இருக்கேன்.”

அவர் எழுந்து வயல் பக்கம் நடந்துவிட்டார். வானதி அவர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

6

திங்கட்கிழமை வந்த அதிகாரிகளிடம், பதினெட்டு ஆகும்வரை கல்யாணம் இல்லை என்று அவர் கையெழுத்துப் போட்டார். யாரையும் ஜீப்பில் ஏற்றவில்லை. கலைமகள் மார்ச்சில் பரீட்சை எழுதினாள்.

இங்கே முடித்தால் எல்லோருக்கும் நிம்மதி. அப்பா சின்னவளுக்குப் புதுப் புத்தகம் வாங்கி வருவதாக ஒரு முடிவு எழுதினேன். பையன் வீட்டார் வந்து வாசலில் கத்துவதாக இன்னொன்று. இரண்டையும் அடித்துவிட்டேன். நடந்தது வேறு. அப்பா இன்றுவரை வானதியிடம் பேசவில்லை. அவள் புத்தகம் படிப்பதை விட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமைத் தாளில் தன் பெயரை மட்டும் எழுதித் தருவாள்.

“நான் எழுதுனது தப்பா டீச்சர்?” என்று ஒருநாள் கேட்டாள்.

“இல்லம்மா.”

“அப்புறம் ஏன் இன்னும் பயமா இருக்கு?”



இன்றும் வெள்ளிக்கிழமை. மதியம் அவள் ஒரு தாளை நான்காக மடித்து என் மேசைமேல் வைத்துவிட்டு, நிற்காமல் போய்விட்டாள். இரண்டு பக்கமும் எழுதியிருப்பது வெளியே தெரிகிறது. ஏதோ ஒரு நல்ல புத்தகம் கையில் கிடைத்திருக்கலாம். வேறு எதுவாகவும் இருக்கலாம்.

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் இதைப் பிரித்துப்…